கண்ணாடி இல்லாத அம்பாசடர்

மங்கலம்பேட்டைக் கடைத்தெருவில், வளைகுடாவிலிருந்து லீவில் வந்த ஆணைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேட்பார்கள். "எப்ப வந்தீங்க?" என்பது முதலாவது. அவர் பதில் சொல்லி வாயை மூடுவதற்குள் "எப்ப போறீங்க?" என்பது வந்துவிடும். கெட்ட எண்ணத்தில் யாரும் கேட்பதில்லை. டீ குடிச்சாச்சா என்று கேட்கிற மாதிரிதான். கேட்கிறவர் வீட்டிலும் யாராவது ஒருத்தர் வந்திருப்பார், அல்லது போயிருப்பார். என் கணவருக்கு அந்த இரண்டாவது கேள்வி பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. கல்யாணமானதிலிருந்து அவர் அங்கே ஒரு வீட்டில் டிரைவர். லீவில் வந்தவர் பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள், போகும்போது கொண்டுபோக அவர் அம்மா, என் மாமி, ஊறுகாய் போட ஆரம்பித்துவிடுவார்.

மாமி வீடு மங்கலம்பேட்டையில். நானும் மகளும் இருப்பது விருத்தாசலத்தில், பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வாடகை வீட்டில். எனக்கு வேலை அங்கேதான். இங்கேயே பீங்கான் படிப்பு படித்து, ஒரு சின்ன யூனிட்டில் அச்சு செய்கிறவளாகச் சேர்ந்து, அப்படியே தங்கிவிட்டேன். ஃபியூஸ் கட்டையோ, அகல் விளக்கோ, கொலு பொம்மையோ, எதுவானாலும் முதலில் என் மேஜைக்கு வர வேண்டும். நான் பிளாஸ்டரில் அச்சு எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் களிமண் கரைசலை ஊற்ற முடியும். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அவர் இல்லாத வருஷங்களில் அந்தத் தலைக்கனம்தான் எனக்குத் துணை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாடு கிளம்புகிறவரைப் பார்த்து "போவாதீங்க" என்று மனைவி சொல்லக் கூடாது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். சொன்னால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். சொல்லியும் அவர் போய்விட்டால் அது இன்னும் கேவலம். அதனால் "போயிட்டு வாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் நான் அப்படித்தான் நிறுத்திக்கொண்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும். அந்தக் கோபத்தில் பாதி, இப்படி நிறுத்திக்கொண்டதுதான்.

இந்தத் தடவை லீவில் வந்தவர், கருவேப்பிலங்குறிச்சியில் கூடப் படித்த சிநேகிதர் ஒருவரைப் பார்க்கப் போனார். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். திரும்பி வந்தவர் கால்கூடக் கழுவாமல் சமையலறை வாசலில் நின்று, ஒரு வண்டி பார்த்தேன் என்றார். மோட்டார் சைக்கிளாக இருக்கும் என்று நினைத்தேன். அம்பாசடர் என்றார். சிநேகிதர் வீட்டுக் களத்து மேட்டில், புளியமரத்தடியில் வருஷக்கணக்காக நிற்கிறதாம். டயர் பாதி மண்ணுக்குள். கதவில் கண்ணாடி ஒன்றுகூட இல்லை. பின் சீட்டில் கோழி அடை படுத்திருந்ததாம். இரும்புக் கடை விலைக்கே தருகிறேன், கோழியை மட்டும் விட்டுவிடு என்றிருக்கிறார் சிநேகிதர். கோழியோடு கொடுத்தாலாவது யோசிக்கலாம் என்றேன் நான்.

அவர் சிரிக்கவில்லை. இப்போது கல்யாணங்களுக்குப் பழைய வண்டிதான் கேட்கிறார்கள், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அம்பாசடர் கிடைத்தால் பண்ருட்டியிலிருந்துகூட வந்து எடுத்துப் போகிறார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். சொந்த வண்டி, சொந்த ஊர், தானே ஓட்டுவது. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்:

"இது ஓடுச்சுன்னா நான் போவல."

நான் மீன் அலசிக்கொண்டிருந்தேன். கையைச் சட்டியிலிருந்து எடுக்காமலே கேட்டேன்.

"ஓடலன்னா?"

"அதான் ரிட்டர்ன் டிக்கெட்டு இருக்குதே."

அன்றிலிருந்து எனக்கு அந்த வண்டி ஓட வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. வீண் செலவு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். எங்கள் முதலாளிக்கு இளகிய மனசு. யூனிட்டின் பின்பக்கம், புகை விட்டுப் பல காலமான பழைய சூளைப் புகைபோக்கியின் அடியில் ஒரு கொட்டகை சும்மா கிடந்தது. மழைக்காலம் வரைக்கும் அங்கேயே இருக்கட்டும் என்றார். எங்கள் பேட்டையில் எல்லாவற்றின் மீதும் வெள்ளைத் தூசி படியும். வேப்ப இலை, நாய் முதுகு, ஆட்களின் கண்ணிமை, எதுவும் தப்பாது. வந்த மூன்றாம் நாளே வண்டியும் வெளுத்துப்போய், யாரோ களிமண்ணில் பிடித்து இன்னும் சுடாமல் வைத்திருக்கிற பொம்மை மாதிரி நின்றது. மதிய வெயிலில் அதைப் பார்த்துக்கொண்டே நின்றால் அது உண்மையில் அங்கே இருக்கிறதா என்றே சந்தேகம் வரும்.

கையில் இருந்த காசு இன்ஜினுக்கே சரியாகப் போய்விடும் என்று வேப்பூர் மெக்கானிக் முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் ஹைவேயில் லாரிகளுக்கு வேலை பார்க்கிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். வாய் ஓயாது. இன்ஜினைப் பார்த்து மாட்டிடம் பேசுகிற மாதிரி பேசுவார். மற்ற எல்லாம் எங்கள் தலையில். துருப்பிடித்து ஓட்டை விழுந்த தரைக்கு எண்ணெய் டின்னை வெட்டித் தட்டி ஒட்டினோம். சீட்டுக்குத் தேங்காய் நார் அடைத்து, மங்கலம்பேட்டைக் கடையில் மிச்சம் விழுந்த ரெக்ஸின் துண்டுகளை நான் தைத்தேன். முன் சீட்டு மெரூன், பின் சீட்டு பச்சை. கதவுகளைக் கழற்றி பெயிண்ட் அடித்து, சூளை ஆறுகிற நாளில் அதன் வாசலில் சாய்த்து வைப்போம். அந்த இளஞ்சூட்டில் பெயிண்ட் பளபளவென்று இறுகும். பேப்பர் வேலை தனியாக நடந்தது. அதைச் சொன்னால் தூக்கம் வரும், விட்டுவிடுகிறேன்.

சூளையில் எங்களுக்கு ஒரு சலுகை உண்டு. பெரிய சரக்கை அடுக்கிய பிறகு நடுவில் கை நுழைகிற அளவு இடுக்குகள் மிஞ்சும். அந்த இடுக்கு வேலை செய்கிறவர்களுக்கு. பிள்ளைக்கு ஒரு யானை, தங்கச்சிக்கு ஒரு ஊதுபத்தி ஸ்டாண்டு என்று எதையாவது வைத்துச் சுட்டுக்கொள்ளலாம், யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். நான் அந்த இடுக்குகளில் கார் செய்தேன். கியர் தண்டுக்குக் குமிழ், கதவுக் கைப்பிடிகளுக்குப் பிடி, உள்ளே எரிகிற சின்ன விளக்குக்கு மூடி, எல்லாம் பீங்கானில். கியர் குமிழை ஈரக் களிமண்ணாகக் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கத்தரிக்காய் சைஸில் இருக்கிறது, கியர் போடவா குழம்பு வைக்கவா என்றார். களிமண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும் என்று அவருக்குத் தெரியாது. எட்டு அங்குலத்தில் ஒரு பொருள் வேண்டுமென்றால் நாங்கள் ஒன்பது அங்குலத்துக்கு அச்சு செய்வோம். மிச்சத்தைச் சூளை எடுத்துக்கொள்ளும். சுட்டு எடுத்த பிறகு அதே குமிழைக் கொடுத்தேன். வெள்ளையில் ஒரு நீலப் பூ. அவர் உள்ளங்கைக்குள் போய் அப்படியே உட்கார்ந்துகொண்டது. இப்போது நான் சிரித்தேன்.

அந்த மாதங்களில் எனக்குப் பிடித்தது மாலை நேரம்தான். வேலை முடிந்து கை கழுவி நான் கொட்டகைக்குப் போவேன். ஒன்பதாவது படிக்கிற மகள் பள்ளிக்கூடப் பையோடு நேரே அங்கே வந்துவிடுவாள். மூன்று பேரும் வண்டிக்குள் உட்காருவோம். கதவில்லாத வண்டி, ஓடாத வண்டி. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சரி, எங்க போவலாம் என்பார். மகள் ஏதாவது ஊர் சொல்வாள். அவர் கிளப்புவார். வாயால் சத்தம்கூடப் போட மாட்டார். கியரை மாற்றுவார், பின்னால் வருவதைக் காட்டுகிற கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தைப் பார்ப்பார், திரும்பும்போது தோள் சாயும். எங்களுக்கும் சாயும். சூளை எரிகிற நாளாக இருந்தால் அதன் அனலில் முன்னால் இருக்கிற சுவர் நெளியும். அது தண்ணீர் மாதிரியும் இருக்கும், தூரத்து ரோடு மாதிரியும் இருக்கும். மணிமுத்தாற்றுப் பாலம் வந்துடுச்சு என்பார். முந்திரித் தோப்பு தாண்டிட்டோம் என்பார். ஜங்ஷனில் ரயில் கூவும்போது, கேட்டு போட்டுட்டான் என்று பிரேக்கை மிதித்துவிட்டு ரயில் போகும்வரை காத்திருப்பார். நாங்களும் பேசாமல் காத்திருப்போம். எனக்குக் கண் சொக்கும். எத்தனை ஊர் போனோம் என்று தெரியாது. இறங்கும்போது கால் மரத்துப்போயிருக்கும். நிஜமாகவே தூரம் போய் வந்த அலுப்பு உடம்பில் இருக்கும்.

ஒரு நாள் அவர் அந்த நாட்டு ரோட்டைப் பற்றிச் சொன்னார். இரண்டு பக்கமும் மணல், வளைவே கிடையாது, தூக்கம்தான் எதிரி. அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருவதுதான் அவர் வேலை. பெரியவன் ஏறினவுடனே தூங்கிவிடுவானாம். சின்னவள் இடது பக்கம் சாய்ந்துதான் தூங்குவாளாம், அதனால் வலது பக்கம் திரும்பும்போது மெதுவாகத் திருப்புவாராம். பாசமாகத்தான் சொன்னார். பின் சீட்டில் சத்தமில்லை. திரும்பிப் பார்த்தால் மகள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். அவள் எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவாள் என்று அவருக்குத் தெரியாது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அவர் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, அத்தா எப்ப வருவீங்க என்று கேட்பாள். நோன்புக்கு, இல்லை அடுத்த நோன்புக்கு என்று ஏதாவது சொல்வார். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துக் கொஞ்ச காலத்தில் கேட்பதையே விட்டுவிட்டாள்.

இன்ஜின் கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில். மெக்கானிக் முதலில் கொஞ்சினார், அப்புறம் திட்டினார், அப்புறம் ஒரு பீடி பற்ற வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நின்றார். என் கணவரைப் பார்த்து அவர் தலையை ஆட்ட, இவர் சாவியைத் திருப்பினார். இருமியது. மறுபடி இருமியது. பிறகு உடம்பெல்லாம் உதறிக்கொண்டு அதிர்ந்தது. கூரையிலிருந்தும் பானெட்டிலிருந்தும் வெள்ளைத் தூசி ஒரே மூச்சில் எழும்பி எங்களை மூடியது. அந்த வெள்ளைக்குள் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். தூசி அடங்கியபோது மகள் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். தொழிற்பேட்டையை ஒரு சுற்றுச் சுற்றினோம். ஃபியூஸ் கட்டை அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். நான் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன், பொய் சொல்வானேன்.

ஓடியது. அப்படியானால் போக மாட்டார் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் அவருக்கு ஓடினால் மட்டும் போதாது என்று அப்புறம்தான் தெரிந்தது. அங்கே வேறொருவருடைய வண்டியை ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் வைத்திருந்த மனிதர். நாலு கதவுக்கும் கண்ணாடி இல்லாமல் இதை ஒரு கல்யாண வாசலில் நிறுத்துவதா என்றார். அதே வாரம் மங்கலம்பேட்டையிலிருந்து ஒருவர் தேடி வந்தார். மகனுக்கு நிக்காஹ், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு இந்த வண்டிதான் வேண்டும் என்றார். தேதியைச் சொன்னார். இவருடைய விமானமும் அன்றைக்குத்தான். இவர் என்னைப் பார்த்தார். பிறகு, இன்ஷா அல்லாஹ், கண்ணாடி போட்டுட்டுச் சொல்றேன் என்றார். சீக்கிரம் சொல்லுங்க, இல்லாவிட்டால் பண்ருட்டியில் ஒரு வண்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

மிச்சமிருந்த காசைத் துடைத்து எடுத்து, நாலு கண்ணாடிக்குத் திருச்சியில் ஆர்டர் சொன்னார். உடைந்தாலும் குத்தாத, டஃபன் பண்ணிய கண்ணாடி. அளவுக்கு அட்டை வெட்டி அனுப்ப வேண்டும் என்றார்கள். அட்டை நான் வெட்டுகிறேன் என்றேன். அளவெடுத்து வெட்டுவது என் பிழைப்பு, வேறு யார் கை வைத்தாலும் எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு கதவிலும் பேப்பரை வைத்துத் துல்லியமாக வரைந்தேன். அதை எடுத்துக்கொண்டு என் அச்சு அறைக்குப் போய், என் மேஜையில், தடித்த அட்டையில் சுத்தமாக மாற்றி வரைந்து வெட்டினேன். வளைவெல்லாம் அவ்வளவு அழகாக வந்தது. பார்சல் சர்வீஸ்காரர் கடையைச் சாத்துகிற நேரம். கதவில் ஒருமுறை வைத்துப் பார்க்காமல் அப்படியே கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

கண்ணாடிகள் வைக்கோலில் சுற்றி வந்தன. அவர் முதல் கண்ணாடியை இரண்டு கையாலும் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கி முன் கதவில் வைத்தார். உள்ளே போகவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதுவும் போகவில்லை. நாலு பக்கமும் விரல் அகலத்துக்கு மேல் வெளியே நின்றது. திருச்சிக்காரன் தப்பாக வெட்டிவிட்டான் என்று மெக்கானிக் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. கண்ணாடி மேல் தப்பில்லை. என் மேஜைக்கு வருகிற எதையும் என் கை எட்டுக்கு ஒன்பதாகத்தான் வெட்டும். அது களிமண்ணா கண்ணாடியா என்று கை கேட்பதில்லை. சூளைக்குப் போய்ச் சுருங்கி வரட்டும் என்று வெட்டிக் கொடுத்திருக்கிறேன். வாயைத் திறந்து சொன்னேன். மெக்கானிக், ஓரத்தை மட்டும் வெட்டிப் பார்க்கிறேன் என்று கண்ணாடி வெட்டுகிற கட்டரை வைத்தார். வைத்த மாத்திரத்தில் அது முழுக்கச் சிதறி, கல்கண்டுக் குவியலாகத் தரையில் கிடந்தது. டஃபன் கண்ணாடியை வெட்ட முடியாது என்று அப்போதுதான் தெரிந்தது. மிச்சம் மூன்று.

கணவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு திருப்பிக் கொடுத்து மனசை ஆற்றியிருப்பேன். விளக்குமாறை எடுத்துக் கல்கண்டைக் கூட்டினார்.

மாமிக்குச் செய்தி எட்டியது. அடுத்த பஸ்ஸில் வந்தார். அவருக்கும் மகன் மேல் பாசம்தான். ஆனால் மாதாமாதம் வருகிற பணத்தில்தான் அந்த வீட்டின் அடுப்பு எரிகிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். சாப்பிட்டுக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "அவளுக்கு நீ போவணும்னு இருக்குதோ என்னமோ" என்றார். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஆனால் பாத்திரம் தேய்க்கும்போது அந்த வார்த்தை போகவில்லை. கையே தானாக வெட்டியதா, மனசு வெட்ட வைத்ததா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அவர் இல்லாத வீட்டுக்கு நான் பழகியிருந்தேன், உண்மைதான். கட்டிலின் நடுவில் படுக்கப் பழகியிருந்தேன். ஆனால் பழக்கம் வேறு, ஆசை வேறு. சாம்பல் கையோடு அங்கேயே நின்று அழுதேன்.

மறுநாள் சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது பரணிலிருந்து பெட்டி இறங்கியிருந்தது. ஈரத்துணியால் துடைத்துக் காய வைத்திருந்தார். கல்யாணக்காரரிடம் இன்னும் பேசவில்லை, ராத்திரி போன் பண்ணி வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்றார், என்னைப் பார்க்காமல். ஊறுகாய் பாட்டில் மூன்று, மூடி போட்டு வரிசையாக நின்றது. மகள் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கேட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். கேட்காமல் போனதுதான் என்னை உலுக்கியது.

அவர் கொட்டகைக்குக் கிளம்பிப் போனார். வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வரலாம் என்று. பின்னாலேயே போனேன். பாதி மூடியிருந்தார். பிளாஸ்டர் காய்ந்த வெள்ளைக் கையோடு நான் தார்ப்பாயின் இந்தப் பக்க முனையைப் பிடித்துக்கொண்டேன். உதவிக்குப் பிடிக்கிறேன் என்று நினைத்து அவர் இழுத்தார். நான் விடவில்லை. சூளை ஆறிக்கொண்டிருந்தது, அனல் முதுகில் பட்டது. எத்தனை வருஷம் வாய்க்குள் வைத்திருந்த சொல், வெளியே வரும்போது எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"போவாதீங்க."

அவர் கை நின்றது. அந்தச் சொல்லை நான் சொல்லக் கூடாது என்று அவருக்கும் தெரியும்.

"கண்ணாடி இல்லியே" என்றார்.

"இல்லாட்டி என்னா. காத்து வரட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். தார்ப்பாயைக் கீழே விட்டார். வண்டிக்குள் ஏறி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாவியைப் போடவில்லை. அந்தச் சாயந்திரமும் எங்கேயோ போனோம், எந்த ஊர் என்று இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை. முன்னால் சுவர் நெளிந்து நெளிந்து ரோடாகிக்கொண்டே இருந்தது. அவர் அழுதார். கியர் குமிழின் மேல் இருந்த அவர் கையின் மேல் என் வெள்ளைக் கையை வைத்தேன்.

பிறகு போன் பண்ணினார். கண்ணாடி இருக்காது, மற்றதெல்லாம் சரியாக இருக்கும், சம்மதமா என்று கல்யாணக்காரரிடம் நேராகக் கேட்டார். கண்ணாடியை யார் பார்க்கப்போகிறார்கள், மாப்பிள்ளையைப் பார்த்தால் போதும் என்று அவர் சிரித்தாராம்.

அந்த மூன்று கண்ணாடிகள் இன்றைக்கும் இருக்கின்றன. என் அச்சு அறையின் பின்சுவரில் சாக்கு அடைத்து வைத்திருந்த ஓட்டைகள் உண்டு. முதலாளியிடம் கேட்டுக் கொத்தனாரை வைத்து அவற்றில் பதித்துவிட்டோம். கார்க் கதவின் வடிவத்தில், ஒரு மூலை வளைந்து, வரிசையாக மூன்று ஜன்னல். மேஜையில் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது வெளியே வேப்பங்கிளை அசைந்தால் அறையே மெல்ல நகர்ந்து போகிற மாதிரி இருக்கும். புதிதாக வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள். நான் செய்த தப்பு என்பேன். காருக்குக் கண்ணாடி கொஞ்ச காலம் கழித்து வேறொரு பழைய வண்டியிலிருந்து கழற்றிப் போட்டோம். அவ்வளவு ஒன்றும் சுலபமாக இல்லை பிழைப்பு. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். மாமி கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கல்யாணத்தன்று காலையில் பூக்காரர் வந்து வண்டியை ஜோடித்தார். கதவுகளில் கண்ணாடி இல்லாததைப் பார்த்துவிட்டு, அவராகவே ஜன்னல்களுக்கு மல்லிகைச் சரத்தை மேலிருந்து கீழே தொங்கவிட்டார். காற்றடித்தால் நாலு பக்கமும் பூ ஆடியது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் கணவர் வந்தார். அந்த நேரத்துக்கு அவர் விமான நிலையத்துக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருக்க வேண்டும். பெட்டி பரணில் இருந்தது. ஊறுகாயில் ஒரு பாட்டிலை நாங்களே திறந்து சாப்பிட ஆரம்பித்திருந்தோம்.

"போயிட்டு வரேன்" என்றார்.

"போயிட்டு வாங்க" என்றேன். அதே வார்த்தைதான், வாயில் கசக்கவில்லை.

வண்டியைக் கிளப்பினார். மகள் படியிறங்கிப் போய், மல்லிகைச் சரத்தை ஒரு கையால் விலக்கி, உள்ளே தலையை நீட்டினாள். ரொம்ப காலமாகக் கேட்காத கேள்வி என்பதால் குரல் கொஞ்சம் பிசிறியது.

"அத்தா, எப்ப வருவீங்க?"

பழக்கத்தில் ஏதோ ஒரு நோன்பையோ பெருநாளையோ அவர் வாய் தேடியிருக்கும். பிறகு சொன்னார்.

"சாயந்திரம்."

அவள் நம்பின மாதிரி தெரியவில்லை. மதியம் சாப்பிடும்போது இரண்டு தடவை எழுந்து போய்த் தெருவைப் பார்த்தாள். பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் வாசற்படியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், ஒரு பக்கமும் திருப்பவில்லை. நானும் கைவேலையை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

சாயந்திரம் வந்தார்.